ஆக்சிஜன் 98 காட்டுகிறதே!

நம்பிக்கை: ஆக்சிமீட்டரில் 98 இருக்கிறது. அப்புறம் என்ன மூச்சுத் திணறல்? எல்லாம் பிரமை.

உண்மை: கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னமும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும். ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பியிருப்பதைச் சொல்லும். ஊருக்கு ஓடுவதே பாதி பஸ்தான் என்பதைச் சொல்லாது.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7 கிராமை வைத்துக்கொண்டு, மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றி நிற்கிறாரே, அவர் விரலில் மாட்டினாலும் 98 வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஸ்கேனுக்கு அலைவதற்கு முன் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்தாலே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

நம்பிக்கை: நெஞ்சில் வாயு அடைத்திருக்கிறது. ஓம வாட்டர் குடித்தால் சரியாகிவிடும்.

உண்மை: வயிறு உப்பினாலும் மூச்சு முட்டும்தான். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதும், தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாவதும், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலை என்றாவதும், மாலையில் கால் வீங்குவதும் இதயம் களைத்திருப்பதன் அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பே வலியில்லாமல், வெறும் மூச்சிரைப்பாக வரலாம்.

நம்பிக்கை: எல்லா டெஸ்டும் நார்மல். அப்படியானால் மனசுதான் காரணம்.

உண்மை: ஆஸ்துமா வந்து வந்து போகும் நோய். நன்றாக இருக்கும் நாளில் ஊதிப் பார்த்தால் நார்மல் என்றே வரும். பதற்றத்தாலும் மூச்சு வாங்கும். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதக்கும். அது நடிப்பல்ல. ஆனால் மற்றதையெல்லாம் தேடிப் பார்த்த பிறகு கடைசியில் வரவேண்டிய காரணம் பதற்றம். நம் ஊரில் முதலில் வந்துவிடுகிறது, பெண் என்றால் இன்னும் சீக்கிரமாக. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். உண்மையில் இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் ஆபத்து.

நம்பிக்கை: இன்ஹேலர் பழக்கமாகிவிடும். மாத்திரையே மேல்.

உண்மை: மூச்சிரைப்புக்குத் தரும் சால்பூட்டமால் மருந்தின் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். யோசிக்காமல் விழுங்குகிற 4 மில்லிகிராம் மாத்திரையில் அதைப்போல 40 மடங்கு.

திடீரென்று திணறல் வந்து, கூடவே நெஞ்சுவலி, உதட்டில் நீலம், ஒரு கால் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலோ, ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை என்றாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அவ்வளவு அவசரமில்லை, காரணத்தை மருத்துவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நாற்காலியில் முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்றுப் பட்டால் திணறும் உணர்வு குறையும்.