வலப்புறம் வருபவருக்கே முதல் வழி

பெரிய சாலையில் செல்பவர் முந்துவதும் சந்திலிருந்து வருபவர் காத்திருப்பதும் நம் ஊர் வழக்கம். ஜெர்மனியில் குடியேறுவோமாயின், நம் இந்திய ஓட்டுநர் உரிமம் 6 மாதங்கள் வரை செல்லும். சாலைப் பழக்கத்தையோ முதல் நாளே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அங்கு வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. சிக்னலோ முன்னுரிமைப் பலகையோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. அவர் சிறு தெருவிலிருந்து வந்தாலும் நாம் காத்திருத்தல் வேண்டும். ஊருக்குள் ஹாரன், ஆபத்தை உணர்த்துவதற்கு மட்டுமே.

நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்பட்டால், ஆம்புலன்ஸ் ஒலி கேட்கும்வரை தாமதித்தல் கூடாது. இடக்கோடித் தடத்தில் உள்ளோர் இடப்புறமும், ஏனையோர் வலப்புறமும் ஒதுங்கி நடுவே வழிவிட வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. அதனினும் பெரிது, தாமதத்தால் போகக்கூடிய உயிர்.