கம்பியின்றிக் கணனியோடு இணையும் விளையாட்டுப் பிடி
(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான அறிவியற் பாடம்)

எமது தமிழ்ப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுள் விளையாட்டுப் பெட்டியின் பிடியைக் கையில் ஏந்தாத பிள்ளை மிக அரிது. ஆண்டுவிழா மலரிலே இதைப் பற்றியும் ஒரு பாடம் எழுத வேண்டுமா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். எழுதவே வேண்டும் என்பது எனது துணிபு. அதற்கான காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

எனது வகுப்பில் மாணவர் இருவர், விளையாட்டுப் பெட்டிக்குரிய பிடியை வீட்டுக் கணனியோடு இணைத்த விதத்தை ஒருநாள் எனக்கு விளக்க முற்பட்டனர். முதல் வாக்கியத்தைத் தமிழிலே தொடங்கினர். இரண்டாம் வாக்கியம் பாதி டெனிஷ் மொழியாயிற்று. மூன்றாவதில் தமிழே இல்லை. அவர்களுக்கு விடயம் நன்கு தெரியும். தமிழும் ஓரளவு தெரியும். ஆனால் இவ்விடயத்தைத் தமிழிலே சொல்ல அவர்கள் ஒருவரிடமும் கேட்டதில்லை. உணவையும் உறவினரையும் கோயிலையும் பேசுவதற்குத் தமிழ், கையிலிருக்கும் கருவியைப் பேசுவதற்கு டெனிஷ் என்னும் பிரிவு பத்து வயதில் மனத்தில் விழுமாயின், இருபது வயதில் அது மதிலாகிவிடும். அதன்பின் மதிலுக்கு அப்பால் நிற்பவர்கள் பெற்றோராகிய நாமே. ஆகையால் இப்பாடத்தைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கிருந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

கொன்ரோலர் என்று பிள்ளைகள் அழைக்கும் கருவியை இக்கட்டுரையில் "பிடி" என்றே குறிப்பிடுவேன்.

1. பிடி செய்யும் வேலை

பிடியிலுள்ள பொத்தான்களிற் பெரும்பாலானவை இரண்டு நிலைகளையே அறியும்: அழுத்தப்பட்டது, அழுத்தப்படாதது. கணனிக்கு அவை 1 என்றும் 0 என்றும் சென்றடையும். பெருவிரலால் அசைக்கும் தண்டு அவ்வாறன்று. அது எத்திசையில் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, பிளேஸ்டேசன் 4 பெட்டியின் பிடியில் இடப்பக்க எல்லை 0 எனவும், வலப்பக்க எல்லை 255 எனவும், நடுநிலை ஏறத்தாழ 128 எனவும் எண்ணாக மாற்றப்படுகின்றன. இவ்வெண்களைத் தொகுத்து ஒரு சிறு அறிக்கையாக, ஒரு செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் பிடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

விசைப்பலகையும் சுட்டியும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான். ஆகவேதான் விளையாட்டுப் பெட்டிக்கென ஆக்கப்பட்ட பிடியும் கணனிக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பாதையும் ஒரு பொதுமொழியும் கிடைத்தாற் போதும்.

2. யெலிங் கல்லும் புளூடூத்தும்

பாதையை முதலிற் பார்ப்போம். இன்றைய பிடிகளிற் பெரும்பாலானவை புளூடூத் என்னும் கம்பியில்லா முறையைப் பயன்படுத்துகின்றன. டென்மார்க்கில் வாழும் எமக்கு இப்பெயர் நெருக்கமானது. பத்தாம் நூற்றாண்டில் இந்நாட்டை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயர் "புளோதான்", அதாவது "நீலப் பல்லன்". தன் பெற்றோரின் நினைவாகவும், டென்மார்க் முழுவதையும் நோர்வேயையும் வென்று டேனியரைக் கிறித்தவராக்கியதைப் பறைசாற்றவும் ஏறத்தாழ 965 ஆம் ஆண்டளவில் அவன் நாட்டிய பெருங்கல்லே யெலிங்கில் நிற்கிறது. அவ்விடம் 1994 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பல நிறுவனங்களின் கருவிகளை ஒன்றிணைக்கும் முறைக்கு, பிரிந்திருந்தோரை ஒன்றிணைத்த மன்னனின் பெயர் பொருந்தும் என 1997 இல் இன்டெல் நிறுவனப் பொறியியலாளர் ஜிம் கார்டாக் கருதினார். 1998 இல் எரிக்சன், இன்டெல், ஐ.பி.எம்., நொக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இம்முறைக்கான அமைப்பை நிறுவின. புளூடூத்தின் சின்னத்தை உற்று நோக்குங்கள். மன்னனின் பெயரின் முதலெழுத்துகளைக் குறிக்கும் இரண்டு ரூன் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

புளூடூத் அலைகளின் மீடிறன் ஏறத்தாழ 2.4 கிகாஹேர்ட்ஸ். வீட்டின் வைஃபை பெட்டியும் நுண்ணலை அடுப்பும் இதே மீடிறனுக்கு அண்மையிலேயே இயங்குகின்றன. நெரிசல் மிகுந்த இத்தெருவில் மோதாமற் செல்லும் வழி யாது? வழக்கமான புளூடூத் முறையில் இப்பரப்பு 79 சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பிடியும் கணனியும் ஒரு செக்கனில் 1600 தடவை தடம் மாறுகின்றன. ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்தாலும் அடுத்த தடத்திற் செய்தி சென்றுவிடும். மீடிறனை மாற்றி மாற்றி அனுப்பும் எண்ணம் பழையது. ஒஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நடிகை ஹெடி லாமர், இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைல் என்பாருடன் சேர்ந்து இத்தகைய முறையொன்றுக்கு 1942 இல் காப்புரிமை பெற்றார். பியானோவின் விசைகள் 88 ஆதலால் அவர்களும் 88 மீடிறன்களை எண்ணியிருந்தனர்.

3. இணைசேர்த்தல்

அடுக்குமாடி வீடொன்றில் பத்துப் பிடிகளும் பத்துக் கணனிகளும் இருக்கலாம். எப்பிடி எக்கணனிக்குரியது என்பதை முதன்முறை நாமே அறிமுகஞ் செய்து வைக்க வேண்டும். இதுவே இணைசேர்த்தல். பிடியைக் குறித்த விதத்தில் அழுத்தினால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று அது சுற்றுப்புறத்துக்கு அறிவிக்கும். கணனியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, புளூடூத் பக்கத்தில் புதிய சாதனத்தைச் சேர்க்கும்படி கட்டளையிட்டால், பிடியின் பெயர் திரையில் தோன்றும். அதனைத் தெரிவு செய்தவுடன் இரண்டும் ஓர் இரகசியத் திறவுகோலைத் தமக்குட் பகிர்ந்துகொள்கின்றன. மறுநாள் அறிமுகம் வேண்டியதில்லை. பிடியை இயக்கினாலே போதும்.

இங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அண்ணன் தன் கணனியோடு பிளேஸ்டேசன் 5 பிடியை இணைத்துவிட்டால், மாலையில் தம்பி விளையாட்டுப் பெட்டியின் முன் அமரும்போது அது வேலை செய்யாதிருக்கக்கூடும். பிடி பழுதடையவில்லை. பெட்டியோடு வடத்தால் இணைத்து நடுப்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பழைய உறவு திரும்பிவிடும். இதை அறியாமையால் வீட்டிலே வீண் சச்சரவு எழ வேண்டாம்.

4. எப்பிடிக்கு எவ்வழி?

புதிதாக வாங்குவதற்கு முன், வீட்டு இழுப்பறையில் எப்பிடி கிடக்கிறது என்று பாருங்கள்.

(அ) பிளேஸ்டேசன் 4 (2013): "ஷெயார்" பொத்தானையும் நடுவிலுள்ள பீ.எஸ். பொத்தானையும் ஒருங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு விரைந்து மின்னத் தொடங்கினால் ஆயத்தம் என்பது பொருள்.

(ஆ) பிளேஸ்டேசன் 5 (2020): "கிரியேற்" பொத்தானும் பீ.எஸ். பொத்தானும். செய்முறை முன்னையதே.

(இ) பிளேஸ்டேசன் 3 (2006): இதிலும் புளூடூத் உண்டு. ஆயினும் இணைசேர்ப்பது யூ.எஸ்.பி. வடத்தின் வழியாகவும் சொனி நிறுவனத்தின் தனி முறையிலும் ஆதலால், விண்டோஸ் கணனிக்கு வேறொருவர் ஆக்கிய மென்பொருள் தேவைப்படும். அனுபவமில்லாதோர் இதனைத் தவிர்ப்பது நன்று.

(ஈ) எக்ஸ்பொக்ஸ் 360 (2005): இதில் புளூடூத் இல்லை. மைக்ரோசொப்டின் தனி அலைமுறையே உண்டு. ஆகவே கணனிக்கென ஆக்கப்பட்ட தனி வாங்கி ஒன்றை யூ.எஸ்.பி. துளையிற் செருக வேண்டும். அவ்வொரு வாங்கி நான்கு பிடிகளை ஏற்கும். கம்பியில்லாப் பிடிக்கு மின்னேற்றுவதற்காக விற்கப்பட்ட வடத்தைக் கணனியிற் செருகினால் மின்கலம் நிறையும், விளையாட முடியாது. அவ்வடத்தின் வழியே பொத்தான்களின் தரவு செல்வதில்லை.

(உ) எக்ஸ்பொக்ஸ் ஒன் (2013): 2016 இல் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் ஒன் எஸ் பெட்டியோடு வந்த பிடியிலிருந்தே புளூடூத் சேர்க்கப்பட்டது. பழையதா புதியதா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். ஒளிரும் நடுப்பொத்தானைச் சூழ்ந்த பகுதி, பிடியின் முகத்தோடு ஒரே துண்டாக இருப்பின் புளூடூத் உண்டு. மேல் விளிம்புப் பொத்தான்களோடு சேர்ந்த தனித்துண்டாக இருப்பின் இல்லை. அதற்குத் தனி வாங்கியோ வடமோ வேண்டும். 2020 இல் வந்த பிடிகளில் புளூடூத் உண்டு. மேல் விளிம்பிலுள்ள சிறு இணைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

(ஊ) நின்டெண்டோ சுவிட்ச் புரோ (2017): மேல் விளிம்பில் வடத்துளைக்கு அருகேயுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். இதில் ஏ, பி எழுத்துகளின் இடம் எக்ஸ்பொக்ஸ் பிடிக்கு மாறாக அமைந்திருப்பதை மறவற்க.

5. மொழிபெயர்ப்பாளர்

பிடி இணைந்துவிட்டது, ஆயினும் விளையாட்டு அசையவில்லை. இவ்விடத்திற்றான் பலர் பிடியைக் குறை கூறுவர். பாதை கிடைத்தும் பொதுமொழி கிடைக்காமையே காரணம். 2005 இல் எக்ஸ்பொக்ஸ் 360 உடன் மைக்ரோசொப்ட் "எக்ஸ்-இன்புட்" என்னும் முறையை அறிமுகஞ் செய்தது. அதன்பின் வந்த கணனி விளையாட்டுகள் பல அம்மொழியையே எதிர்பார்க்கின்றன. சொனி, நின்டெண்டோ பிடிகள் அம்மொழியிற் பேசுவதில்லை.

இந்நாட்டுக்கு வந்த முதலாண்டுகளில் அலுவலகங்களில் எமக்கும் அதிகாரிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்ந்திருந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். நாம் சொன்னதும் சரி, அதிகாரி கேட்டதும் சரி. நடுவில் ஒருவர் இல்லாவிடிற் காரியம் நடவாது. கணனியில் அவ்வேலையைச் செய்வது ஒரு மென்பொருள். ஸ்டீம் என்னும் விளையாட்டு நிலையத்தில் இவ்வசதி உள்ளமைந்துள்ளது. பிளேஸ்டேசன் 4 பிடிக்கு 2016 இலும் சுவிட்ச் புரோ பிடிக்கு 2018 இலும் அது சேர்க்கப்பட்டது. இரண்டு மொழிபெயர்ப்பாளர் ஒரே வேளையிற் பேசினாற் குழப்பமே மிஞ்சும். ஒன்றை மட்டும் இயக்குக.

6. இடையூறும் பரிகாரமும்

பிடியின் அசைவு தாமதமாகத் திரையிற் தோன்றினாலோ விட்டுவிட்டு வந்தாலோ பின்வருவனவற்றை ஒழுங்காகச் சோதிக்கவும். முதலில் மின்கலத்தைப் பாருங்கள். அடுத்து, கணனியின் பின்புறத்தில் வாங்கி செருகப்பட்டிருப்பின் முன்புறத்துக்கு மாற்றுங்கள். உலோகப் பெட்டி அலையை மறைக்கும். யூ.எஸ்.பி. 3 துளைகளும் அவற்றிற் செருகிய வன்தட்டுகளும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பரப்பில் இரைச்சலை எழுப்பவல்லவை. எனவே ஒரு சிறு நீட்டிப்பு வடத்தால் வாங்கியை அப்பால் வைப்பது பெரும்பாலும் பயன் தரும். இறுதியாக, கணனியின் பட்டியலிலிருந்து பிடியை நீக்கி மீண்டும் இணைசேருங்கள். இவ்வளவுக்கும் சீராகாவிடின் வடத்தாற் பொருத்துங்கள். எக்ஸ்பொக்ஸ் 360 இன் கம்பியில்லாப் பிடி தவிர, மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை தரவு செல்லும் வடத்தாலும் இயங்கும்.

7. விளையாட்டுக்கு அப்பால்

2006 இல் வந்த நின்டெண்டோ வீ பெட்டியின் கைக்கோலில், செந்நிறக்கீழ்க் கதிரைக் காணும் சிறு கமரா ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜோனி லீ என்பவர் 2007 இல் அக்கோலைப் புளூடூத் வழியே கணனியோடு இணைத்தார். நுனியில் செந்நிறக்கீழ் விளக்குப் பொருத்திய பேனாவினாற் சுவரில் எழுத, கணனி அதை உணர்ந்தது. மிகுந்த விலையுள்ள மின்பலகை வாங்க வசதியற்ற ஆசிரியர் பலர் இம்முறையாற் பயனடைந்தனர்.

2018 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் அடப்டிவ் பிடி இன்னுஞ் சிறப்புடையது. கைவிரல்களை எளிதில் அசைக்க இயலாதோருக்காக ஆக்கப்பட்ட இதில் இரண்டு பெரிய பொத்தான்களும், பின்புறத்தில் 19 சிறு துளைகளும் உள்ளன. காலால் மிதிக்கும் விசை, முழங்கையால் அழுத்தும் விசை முதலியவற்றை அத்துளைகளிற் பொருத்தலாம். இதுவும் கம்பியின்றிக் கணனியோடு இணையும். ஓடியாட இயலாத பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமாய் அமரும் இடத்தை ஒரு கருவி தருமாயின், அதனை வெறும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிடலாகாது.

8. பெற்றோர்க்கு ஒரு சொல்

எத்தனை மணிநேரம் விளையாடலாம் என்பதை வீட்டுக்கு வீடு பெற்றோரே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானம் பிள்ளையின் செவியில் ஏற வேண்டுமாயின், பிள்ளை செய்வது யாது என்பதைப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். இரவு வேலை முடித்து வரும் தந்தையும் தாயும் வாரத்தில் ஒருநாள், "தம்பி, இது எப்படிக் கணனியோடை சேருது? எனக்கும் ஒருக்காச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை தமிழிலே சொல்லத் தடுமாறினால் நகைக்காது பொறுத்திருங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கும் தெரியாவிடின் இருவருமாக ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளுங்கள். நான் "பிடி" என்றேன். அதனினும் நல்ல சொல் உங்கள் வீட்டில் பிறக்குமாயின் எமது பாடசாலை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும்.

பயிற்சி வினாக்கள்

1. பொத்தானின் நிலைக்கும் தண்டின் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை எண்கள் கொண்டு விளக்குக.
2. புளூடூத் என்னும் பெயருக்கும் யெலிங் கல்லுக்கும் உள்ள தொடர்பு யாது?
3. மின்னேற்றும் வடத்தாற் கணனியிற் பொருத்தியும் எக்ஸ்பொக்ஸ் 360 கம்பியில்லாப் பிடி இயங்காமைக்குக் காரணம் கூறுக.
4. இணைந்த பின்னரும் விளையாட்டு அசையாதிருப்பின், குறை எங்கே இருக்கலாம்?
5. உங்கள் வீட்டிலுள்ள பிடியொன்றைக் கணனியோடு இணைக்கும் முறையைப் பத்து வாக்கியங்களில், பிறமொழி வினைச்சொல் கலவாது, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குச் சொல்லிக் காட்டி, அவரது கையொப்பம் பெற்று வருக.