பிஸ்டன் இறுகிய கதை

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைப் புதுக்க விரும்பும் நண்பர்கள் முதலில் பளபளப்பையே கருதுகின்றனர். நானும் அவ்வாறே கருதினேன். எனக்கு வாய்த்தது யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட வண்டி. டாங்கிக்குப் பெயிண்ட் அடித்த மூன்றாம் நாளே, நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் சுழல மறுத்தது. பின்னால் நண்பன் ஒருவன் அமர்ந்திருந்தான். கை தானாகவே கிளச்சைப் பிடித்ததால் இருவரும் பிழைத்தோம்.

ரீபோர் செய்து, 0.25 மி.மீ. பருத்த பிஸ்டன் போட்டேன். அதுவும் ஒரு மாதத்தில் இறுகியது. ஆயில் போதவில்லை என்றார்கள் பட்டறையில். இவ்வண்டியில் ஆயிலுக்குத் தனித் தொட்டியும் பம்ப்பும் உண்டு. அவை போதாவென்று பெட்ரோலிலும் ஆயிலைக் கலந்தேன். நோய் முற்றியது. காரணம் என்ன?

நாலு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் கிராங்க் அறை ஆயில் இருக்கும் இடம், அவ்வளவே. டூ ஸ்ட்ரோக்கில் அதுவே நுரையீரல். பிஸ்டன் மேலேறும்போது அவ்வறை கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சுகிறது; கீழிறங்கும்போது அக்கலவையை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் காற்றையும் காக்க வேண்டியவை. ஆண்டுகள் சென்றால் அவற்றின் ரப்பர் விளிம்பு காய்ந்துவிடும். கிளச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டுப் புகை மண்டும், உடனே தெரிந்துவிடும். மாக்னெட் பக்கத்துச் சீல்தான் வஞ்சகன். அவ்வழியே வெறுங்காற்று நுழையும். பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த சூட்டோடு எரியும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரிவது. பிஸ்டன் இறுகாமல் என் செய்யும்? நான் கலந்த ஆயிலோ, ஜெட் வழியே செல்லும் பெட்ரோலின் பங்கை மேலும் குறைத்துவிட்டது!

அடையாளம் இல்லாமலில்லை. ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் இயந்திரம் வேகம் தணியாமல் இரைந்தது. அதைப் புதுப் பிஸ்டனின் சுறுசுறுப்பு என்றெண்ணி மகிழ்ந்தேன். பிளக்கின் பீங்கான் பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தது. அதையும் பார்த்தேன், படிக்கவில்லை.

சோதிக்கும் முறை எளிது. கார்புரேட்டர் வாயையும் புகைக்குழாய் வாயையும் இறுக அடைத்து, உள்ளே சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவு காற்றைச் செலுத்துக. அதற்கு மேல் வேண்டா. நல்ல சீலும் பிதுங்கிவிடும். சில நிமிடம் அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவுக. குமிழி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். என் வண்டியில் அது மாக்னெட் தட்டின் பின்னே பொங்கியது. இரு சீல்களையும் மாற்றினேன்.

சைலன்சரை அறுத்து ஓசை பெருக்கச் சொன்னவர் பலர். அதன் பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியேறத் துணிந்த கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை அறுத்தால் ஓசை ஏறும், இழுவை இறங்கும். பதிவேட்டில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

இரண்டாம் ரீபோரில் 50 மி.மீ. துளை 50.5 ஆயிற்று. ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.தான். கணக்கிட்டால் 98.2 சி.சி. இப்போது 100.1 சி.சி. நான் செய்த மாற்றம் இது ஒன்றே. அதுவும் விரும்பிச் செய்ததன்று.