பேப்பர்காரர்களின் மூச்சு

கேள்வி: பழைய பேப்பர்களில் சுவாசம், மூச்சு இரண்டுமே வருகிறதே, எது எப்படி நுழைந்தது?

பதில்: 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் காலத்து நடையில் வடசொல் தாராளம். சுவாசம் அந்த வீட்டுப் பிள்ளை. 1942இல் மதுரையில் ‘தந்தி’ (பிற்பாடு தினத்தந்தி) தொடங்கிய சி.பா. ஆதித்தனாரோ, ஜனங்கள் பேசுகிற தமிழில் எழுதச் சொன்னவர். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்கிற பேப்பருக்கு ‘சுவாசம் தடைப்பட்டு மாண்டார்’ எடுபடுமா? தூர்வாரக் கிணற்றில் இறங்கியவர் ‘மூச்சுத்திணறிச் செத்தார்’ என்றால் கடைசி பெஞ்சுக்கும் புரியும்.

அரசியல் செய்தியில் மூச்சுக்கு வேறு வேலை: ‘பஸ் கட்டணம் பற்றி அமைச்சர் மூச்சே விடவில்லை!’ ‘இறுதி மூச்சு’ பெரும்பாலும் தலைவர்களுக்கே ஒதுக்கீடு. புலி பிடிபட்டாலும், மழை விட்டாலும் மக்கள் விடுகிற அந்த ‘நிம்மதிப் பெருமூச்சு’க்கு மட்டும் யாராவது தடையுத்தரவு வாங்கினால் தேவலை.