வெளிச்சத்துக்குக் காசு வாங்கியது யார்?

கேள்வி: ஐயா, பி.ஏ. பொருளியல் படிக்கிறேன். பொதுப் பண்டம் என்றாலே வகுப்பில் கலங்கரை விளக்கத்தைத்தான் உதாரணம் சொல்கிறார்கள். தனியாரால் நடத்த முடியாது, அரசுதான் நடத்தியாக வேண்டும் என்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் தனியாரே நடத்திக் காசு பார்த்ததாகப் படித்தேன். அப்படியானால் பாடம் தவறா?

பதில்: நீங்கள் படித்தது உண்மை. பாடம்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

உதாரணம் பழையது. கடலில் போகிற கப்பலிடம் வெளிச்சத்துக்குக் காசு கேட்க முடியாது, அரசு கட்டாய வசூல் செய்து கொடுத்தாலொழிய யாரும் விளக்கம் கட்ட மாட்டார்கள் என்று 1848-இல் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். 1974-இல் ரொனால்ட் கோஸ் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார். 1820-இல் இங்கிலாந்தில் இருந்த 46 விளக்கங்களில் 22 தனியார் கையில்!

வசூல் நடந்த இடம் துறைமுகம். கப்பல் வந்து நின்றதும் வசூல்காரர் வருவார். பெரும்பாலும் சுங்க அதிகாரியே அந்த வேலையையும் பார்த்தார். எங்கிருந்து வருகிறது, வழியில் எந்தெந்த விளக்கங்களைக் கடந்திருக்கும், எத்தனை டன் கப்பல் என்று கணக்குப் போட்டு, விளக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்.

ஆனால் அந்த உரிமை மன்னர் கொடுத்த பட்டயத்தால் வந்தது. பட்டயம் இல்லையென்றால் எந்த மாலுமி சல்லிக்காசு கொடுத்திருப்பான்? சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதற்குக் கோஸைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

விளக்கத்தைப் பொதுப் பண்டம் என்பதற்கு, காசு வசூலிக்க முடியாது என்பதைவிட ஆழமான காரணத்தைச் சொன்னவர் பால் சாமுவெல்சன். 1954-இல் அவர் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். இன்றைய பொதுப் பண்டக் கோட்பாடு அதிலிருந்துதான் கிளைத்தது. தட்டில் இருக்கும் கடைசி இட்லியை நான் எடுத்துவிட்டால் உங்களுக்கு இல்லை. வெளிச்சம் அப்படியல்ல, பத்துக் கப்பலுக்குப் பிறகு பதினொன்றாவது வந்தாலும் விளக்கில் எண்ணெய் ஒரு சொட்டுக்கூட அதிகம் எரியாது. ரேடார் வைத்துக் கப்பலைப் பிடித்து வசூலிக்க முடிந்தாலும் வசூலிக்கலாமா என்று தன் பாடநூலில் அவர் கேட்டதும் இதனால்தான். கட்டணத்துக்கு அஞ்சி ஒரு கப்பல் அந்தத் தடத்தைக் கைவிட்டால் கப்பல்காரருக்கு நட்டம். அதனால் விளக்கம் நடத்துபவருக்கு மிச்சமாவதும் ஒன்றுமில்லை.

தேர்வில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: காசு கொடுக்காதவரை விலக்க முடியுமா? ஒருவர் பயன்படுத்தினால் மற்றவருக்குக் குறையுமா? கோஸின் ஆவணங்கள் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்.