மருந்தும் எண்ணும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியுடையதாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து அதனை ஊட்டுபவன் என்பன அவை. வைத்தியன் தன் கையாலேயே மருந்தை இடித்தும் அரைத்தும் ஆக்கிய காலத்துக்கு இப்பகுப்பு முற்றும் பொருந்தும். இன்றோ மருந்து பெருந் தொழிற்சாலைகளில் ஆக்கப்பெற்று, ஆக்கியோரை என்றுங் காணாத கோடிக்கணக்கானோரிடம் செல்கின்றது. அது நோயைத் தீர்க்குமா, தீங்கு விளைக்குமா என முன்னரே ஆராய்ந்து கூறும் பொறுப்பு இருவரைச் சார்ந்தது. ஒருவர் மருந்துக் கம்பனியின் மருத்துவத் தலைவர். மற்றவர் பரிசோதனைத் தரவுகளை ஆளும் புள்ளிவிபரத் தலைவர். இவ்விரு தொழில்களின் இயல்பைச் சிலர் வாழ்க்கை கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் புள்ளிவிபரத் துறையை நோக்குவோம். அதற்கு வழி வகுத்தோருள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒஸ்ரின் பிராட்போட் ஹில் ஆவார். 1897ஆம் ஆண்டு பிறந்த இவர் வைத்தியராக விரும்பினார். ஆயின், முதலாம் உலகப் போரிற் கடற்படையின் விமானப் பிரிவிற் பணிபுரிந்தபோது சயரோகம் அவரைப் பற்றிக்கொண்டது. நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தார். மருத்துவக் கல்வி கைகூடவில்லை. தபால்மூலம் பயின்று, 1922இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பட்டத்தைப் பெற்றார். வைத்தியர் வாயில் அடைபட்டபோதும், எண்களின் வாயிலாக மருத்துவ உலகினுட் புகுந்த அவர், 1945இல் மருத்துவப் புள்ளிவிபரவியற் பேராசிரியரானார்.

தம்மை வருத்திய சயரோகத்துக்கு மருந்து உண்டா என அளந்தறியும் பணியும் அவரிடமே வந்தது. 1943இல் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட ஸ்ரெப்ரோமைசின், போரினால் நலிந்த பிரித்தானியாவுக்குச் சிறிதளவே கிடைத்தது. எல்லார்க்கும் ஈய மருந்தில்லாத அந்நிலையில், அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிச் சபை 107 நோயாளரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்திற்று. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங் கழிந்தபோது முதற் பிரிவில் 4 பேரும், மற்றப் பிரிவில் 14 பேரும் இறந்திருந்தனர். முடிவு 1948இல் வெளியாயிற்று.

மாணவர் இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. எவர் எப்பிரிவைச் சேர்வார் என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை. தற்செயல் எண்களின்படி எழுதி, உறையிலிட்டு மூடிய சீட்டே தீர்மானித்தது. தெரிவை வைத்தியரிடம் விட்டிருந்தால், பிழைக்கக் கூடியவரென்று தோன்றியவருக்கே புதுமருந்தை அவர் அளித்திருத்தல் கூடும். அப்பொழுது கிடைக்கும் நன்மை மருந்தினாலாயதா, நோயாளியின் உடல் வலிமையாலாயதா என்பது விளங்காது. நல்ல மனமுடையவரும் தம்மையறியாமற் பக்கஞ் சாய்வர் என்பதை உணர்ந்து, அச்சாய்வைத் தடுத்தலே இத்துறையின் உயிர்நிலை. ஹில் கம்பனி ஊழியரல்லர். ஆயினும் இன்று கம்பனிகளிற் புள்ளிவிபரத் தலைவராயிருப்போர் இந்நெறியையே பின்பற்றுகின்றனர். எதனை எவ்வாறு கணக்கிடுவது என்பதை முடிவு தெரியுமுன்னரே எழுதிவைத்தல் அவர்தம் முதற் கடமையாகும்.

இனி, மருத்துவத் தலைவரை நோக்குவோம். றோய் வஜெலோஸ் 1929இல் அமெரிக்காவிற் பிறந்தவர். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மைந்தர். பெற்றோர் நடத்திய சிற்றுண்டிச்சாலைக்கு அருகிலிருந்த மேர்க் மருந்துக் கம்பனியின் விஞ்ஞானிகள் வருவதுண்டு. அவர்தம் உரையாடல் சிறுவன் உள்ளத்திற் பதிந்தது. 1954இல் வைத்தியப் பட்டம் பெற்று, ஆராய்ச்சியாளராகவும் பேராசிரியராகவும் விளங்கி, 1975இல் அதே கம்பனியிற் சேர்ந்தார். 1985 முதல் 1994 வரை அதன் தலைமை நிர்வாகியாயிருந்தார்.

அவர் ஆராய்ச்சிப் பகுதியை நடத்திய காலத்தில், இரத்தத்திற் கொழுப்பைக் குறைக்கும் லோவஸ்ரற்றின் என்னும் மருந்து பரிசோதனையிலிருந்தது. அதனையொத்த யப்பானிய மருந்தொன்று நாய்களிற் கட்டிகளை உண்டாக்கிற்று என்ற பேச்சு 1980இல் எழுந்தது. உறுதியான சான்று கைக்கு வராதபோதும் பரிசோதனை நிறுத்தப்பட்டது. மேலும் ஆய்ந்து ஐயந் தெளிந்த பின்னரே, 1987இல் அம்மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது.

அக்கம்பனியிலேயே, இன்றைய வங்காளதேசத்திற் பிறந்த வைத்தியர் முகம்மது அசீஸ் பணியாற்றினார். ஆபிரிக்காவில் ஆற்றங்கரை மக்களின் கண்ணைக் கெடுக்கும் புழுநோயை அவர் நேரில் அறிந்தவர். அந்நோய்க்கு முன்பிருந்த மருந்து, சிலருக்குக் கண்ணுக்கே கேடு விளைத்தது. ஆதலின் 1981இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில், விலங்குகளுக்கெனக் கண்ட ஐவர்மெக்ரின் மருந்தை மனிதருக்கு முதன்முதல் அளித்தபோது, மிகச் சிறிய அளவிலேயே தொடங்கினர். சருமத்திற் சிறு துணுக்கெடுத்து, அதிலுள்ள நுண்புழுக்களை எண்ணினர். அவை பெரிதுங் குறைந்திருந்தன. நோயாளரோ வாங்க வசதியற்றவர். வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை இலவசமாக அளிப்பதாக 1987இல் வஜெலோஸ் அறிவித்தார். அக்கொடை இன்றும் தொடர்கின்றது.

அதே கம்பனியின் பிற்கால நிகழ்ச்சியொன்றையுங் கூறாதுவிடின் இக்கட்டுரை நடுநிலை தவறியதாகும். வயொக்ஸ் என்னும் மூட்டுவலி மருந்தைப் பெற்றோர்க்கு, நப்ரொக்சின் பெற்றோரிலும் மாரடைப்பு மிகுதியாயிருந்ததை 2000ஆம் ஆண்டு வெளிவந்த பரிசோதனை காட்டிற்று. நப்ரொக்சின் இதயத்தைக் காத்தமையால் வந்த வேறுபாடு இது எனக் கம்பனியார் விளக்கங் கூறினர். 2004இல் மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்ட மற்றொரு பரிசோதனையிலும் கேடு தெளிவாயிற்று, வயொக்ஸ் மீட்டுக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட நான்காண்டுகளில் அதனை உட்கொண்டோர் பல இலட்சம் பேர். எண் ஒன்றைக் காட்ட, விருப்பம் வேறொன்றைக் கூறின், விலை கொடுப்பவன் நோயாளியேயாவான்.

ஆகவே, இவ்விரு தொழில்களுக்கும் வேண்டிய தகைமை கூர்மதி மட்டுமன்று. ஆண்டுக்கணக்காக உழைத்தும் பெரும் பொருள் செலவிட்டும் ஆக்கிய மருந்தை நோக்கி, “இது பயனற்றது” என்றோ, “இன்னும் தெளிவில்லை” என்றோ கூறும் நெஞ்சுரமும் வேண்டும்.

பழைய மாணவராகிய பெற்றோர்க்கும் ஒரு சொல். சில புள்ளிகளால் மருத்துவ பீட அனுமதியை இழந்த மகனைத் தோற்றவனாக எண்ணும் வழக்கம் நம்மிடை ஆழ வேரூன்றியுள்ளது. கணிதத்தில் விருப்புடையவனையும் வற்புறுத்தி உயிரியற் பிரிவிற் சேர்க்கின்றோம். ஒரு நாளேனும் வைத்தியராயிராத ஹில் வகுத்த முறையினாற் காக்கப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. மாணவர்காள், உங்கள் கணிதப் பாடத்து நிகழ்தகவுக் கணக்குகளை வெறும் பரீட்சைக்குரியனவாகக் கருதற்க. நாளை ஒரு மருந்தை மக்களுக்கு அளிக்கலாமா என்னும் வினாவுக்கு விடை கூறவும் அவை பயன்படும்.