பலாவின் மணமும் மெழுகுவத்தியும்

மா, பலா, வாழை என்னும் மூன்றினையும் முக்கனி எனத் தமிழர் போற்றுவர். அவற்றுள் தன் வரவைத் தன் மணத்தாலேயே அறிவிப்பது பலா. வீட்டின் ஒரு மூலையில் பழுத்த பலா இருப்பின், கண் காணுமுன் மூக்கு அதனை அறிந்துவிடும். இத்தகைய பழமணங்களை மெழுகில் சேர்த்து, கையால் மெழுகுவத்தி செய்யும் தொழில் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது மங்களூர். அதற்குக் கிழக்கே, பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் இருக்கின்றது. அதற்கும் வடகிழக்கே, செம்மண் நிலத்தில் பலாவும் முந்திரியும் செழிக்கும் பண்ருட்டி அமைந்துள்ளது. பண்ருட்டிப் பலா 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

மரத்தில் காய்க்கும் கனிகளுள் மிகப் பெரியது பலாவே. அது ஒரு பூவிலிருந்து தோன்றுவதன்று. பல பூக்கள் ஒன்றுகூடி ஒரு கனியாகின்றன. ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவின் பயனாகும். கருவுறாத பூக்கள் சுளைகளுக்கிடையே நார்போல நிற்கின்றன.

காய் கனியும்பொழுது அதனுள் எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் பல உண்டாகின்றன. இவை எளிதில் ஆவியாகிக் காற்றில் கலப்பதால் மணம் நெடுந்தூரம் பரவுகின்றது. அவற்றுள் ஒன்றாகிய ஐசோஅமைல் அசிட்டேட்டு வாழைப்பழத்திலும் உண்டு. முக்கனிகளுள் இரண்டு ஒரு மணப்பொருளைப் பகிர்ந்து கொள்வது வியப்பன்றோ?

இனி, சுளையைப் பிழிந்து மெழுகில் கலந்தால் மணமெழுகு கிடைக்குமோ எனின், கிடைக்காது. சுளையில் நீர் மிகுதி. நீரும் மெழுகும் ஒன்று சேரா. சுளை அழுகும், திரியும் படபடத்து அணைந்துவிடும். ஆதலின் தொழிலாளர் மெழுகோடு கலக்கும் மணநெய்யையே பயன்படுத்துகின்றனர். பலாவின் மணம் தரும் நெய் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவதே. பலாமணம் உண்டு, பலா இல்லை. இவ்வுண்மையை வாங்குவோர்க்கு மறையாது உரைப்பதே நேர்மையான வாணிகம்.

மெழுகை உருக்கி, உரிய சூட்டில் நெய்யைக் கலக்க வேண்டும். சூடு மிகுந்தால் மணம் பறந்துவிடும். குறைந்தால் நெய் நன்கு கலவாது. பின்னர் நடுவே திரி நிறுத்திக் கிண்ணத்தில் வார்ப்பர். சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகித் திரிவழியே மேலேறி, ஆவியாகி எரிகின்றது. இவ்வொரு சிறு சுடரைக் கொண்டே மைக்கேல் பாரடே என்னும் அறிஞர், 1860-61-இல் இலண்டனில் இளைஞர்க்கு வேதியியல் விரிவுரைகள் நிகழ்த்தினார். சுடரிற் புகுந்த மணப்பொருள் எரிந்து போகும். சுற்றித் தேங்கும் உருகிய மெழுகிலிருந்து எழும் ஆவியே பெரும்பாலும் அறையில் மணம் பரப்புகின்றது.

கிண்ணமும் கருதத் தக்கது. மெருகிடாத மண்கிண்ணம் மெழுகை உறிஞ்சும்; அதனால் தீப்பற்றவும் கூடும். மெருகிட்ட பீங்கானுள் மெழுகு ஊறாது. எனினும், சுடரை ஆளில்லா அறையில் விட்டுச் செல்லலாகாது.

மணமெழுகு ஒரு நாளில் உருவாகும், பலாமரமோ அத்தகையதன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறைகளாகக் காய்த்துவந்த பலாமரங்களும் முந்திரி மரங்களும் பெருவாரியாக வேரோடு சாய்ந்தன. ஓர் இரவில் வீழ்ந்ததை ஓராண்டில் மீட்டல் இயலாது. நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். பெருமரமாக ஒரு தலைமுறை வேண்டும். உழவர் மனந்தளராது மீண்டும் கன்று நட்டனர்.

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது பழமொழி. மெழுகு கனியின் மணத்தைக் கடன் வாங்கிப் பெருமை பெறுகின்றது. கடன் கொடுத்த கனியோ மண்ணையும் மழையையும் உழவரின் பொறுமையையும் நம்பி வாழ்கின்றது. மெழுகுவத்தி செய்வோரின் கைத்திறனைப் பாராட்டுதல் தக்கதே. அதனினும் தக்கது, அம்மணத்திற்குத் தாயாகிய மரத்தை நட்டுப் பேணுதலாகும்.